தனியாக வந்து சேர்ந்த பிற மாநிலக் குழந்தையை அரசுப் பராமரிப்பில் காப்பது எப்படி

தன்பாத்திலிருந்து ஆலப்புழா செல்லும் விரைவு ரயில் காட்பாடி, சேலம், ஈரோடு, திருப்பூர், கோயம்புத்தூர் என்று வழிநெடுக வேலை தேடி வரும் மனிதர்களை இறக்கிவிட்டுச் செல்கிறது. அவர்களுக்கு நடுவே, பெற்றோரோ நெருங்கிய உறவினரோ உடன் இல்லாமல், ஒரு துணிப்பையும் யாரோ எழுதிக் கொடுத்த கைப்பேசி எண்ணுமாக இறங்கும் 12, 13 வயதுக் குழந்தைகளும் இருக்கிறார்கள். ஜார்க்கண்ட், பீகார், ஒடிசா, மேற்கு வங்கம், அஸ்ஸாம் என்று அவர்களின் ஊர்கள் வேறு வேறு. சிலர் நடைமேடையிலேயே ரயில்வே பாதுகாப்புப் படையினரின் கண்ணில் படுகிறார்கள். சிலர் பனியன் கம்பெனியிலோ நகைப் பட்டறையிலோ உணவகச் சமையலறையிலோ நடக்கும் திடீர்ச் சோதனையில் மீட்கப்படுகிறார்கள். நூற்பாலை விடுதியிலிருந்து சுவரேறிக் குதித்து, வழி தெரியாமல் நெடுஞ்சாலையில் நடந்துகொண்டிருந்த பெண் குழந்தைகளும் உண்டு. இவர்கள் அனைவரும் இறுதியில் வந்து சேரும் இடம் அரசு வரவேற்பு இல்லம் அல்லது அரசிடம் பதிவு பெற்ற குழந்தைகள் இல்லம்.

அந்த இல்லங்களில் பணிபுரியும் கண்காணிப்பாளர், ஆற்றுப்படுத்துநர், சமூகப் பணியாளர், இரவுக் காப்பாளர் ஆகியோருக்காகவும், இத்தகைய குழந்தைகளைப் பற்றி உத்தரவிடும் குழந்தைகள் நலக் குழுவுக்கும் மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகுக்கும் புதிதாக வந்திருப்பவர்களுக்காகவும் இதை எழுதுகிறேன். ஆற்றுப்படுத்துநராகப் பல ஆண்டுகள் வேலை பார்த்த பிறகு எனக்கு ஒன்று உறுதியாகியிருக்கிறது. இந்தக் குழந்தைகளுக்குப் பெரும் தீங்கு நேர்வது அவர்கள் ஒருவர் கையிலிருந்து இன்னொருவர் கைக்கு மாறும் நேரத்தில்தான். ஊரில் தந்தையிடமிருந்து ஏஜென்ட்டிடம், ஏஜென்ட்டிடமிருந்து மேஸ்திரியிடம், மேஸ்திரியிடமிருந்து முதலாளியிடம் என்று ஏற்கெனவே கைமாறி வந்த குழந்தை அது. நம்மிடம் வந்த பிறகும் அதே போல, இன்னார் என்று உறுதி செய்யாமல், இன்னொரு கைக்கு அதை மாற்றிவிட்டால் நாமும் அந்தச் சங்கிலியில் ஒரு கண்ணியாகிவிடுகிறோம். எனவே கீழே சொல்லும் ஒவ்வொரு படியிலும் யார் கொண்டுவந்தார், யாரிடம் ஒப்படைக்கிறோம், எதை நம்பி ஒப்படைக்கிறோம் என்ற கேள்விகளையே திரும்பத் திரும்பக் கேட்டிருக்கிறேன்.

முதல் 24 மணி நேரம்

இளைஞர் நீதிச் சட்டம், 2015, பராமரிப்பும் பாதுகாப்பும் தேவைப்படும் குழந்தை யார் என்பதை விரிவாக வரையறுத்திருக்கிறது. வீடின்றிக் காணப்படும் குழந்தை, தொழிலாளர் சட்டத்துக்கு மாறாக வேலை செய்யும் குழந்தை, காணாமல் போன அல்லது ஓடிவந்த குழந்தை, கடத்தப்படும் அபாயத்தில் உள்ள குழந்தை ஆகிய எல்லோரும் அதில் அடங்குவர். குழந்தை எந்த மாநிலம், எந்த நாடு என்பது பராமரிப்பு கொடுப்பதற்கு ஒரு நிபந்தனையே அன்று. அப்படிப்பட்ட குழந்தையைக் காவலர், தொழிலாளர் ஆய்வாளர், குழந்தைகளுக்கான 1098 தொலைபேசி உதவி மையப் பணியாளர், செவிலியர், பொதுமக்கள் என யார் கண்டாலும், பயண நேரம் நீங்கலாக 24 மணி நேரத்துக்குள் குழந்தைகள் நலக் குழுவின் முன் நிறுத்த வேண்டும். குழு மாதத்தில் குறைந்தது 20 நாட்கள் கூட வேண்டும் என்பது விதி. கூடாத நாளில் உறுப்பினர் ஒருவர் முன்பாகவும் நிறுத்தலாம். ஆகவே, 'நாளை மறுநாள்தான் அமர்வு' என்ற காரணத்துக்காக எந்தக் குழந்தையையும் காவல் நிலையத்தில் உட்கார வைக்கக் கூடாது.

குழந்தையை அழைத்துவருபவர் கொடுக்கும் அறிக்கையை வாங்கி அப்படியே கோப்பில் வைத்துவிடாதீர்கள். அழைத்துவந்தவர் புறப்படுவதற்கு முன்பே அதைப் படியுங்கள். குழந்தை எந்த நடைமேடையில், எந்த ரயிலில், எந்த நேரத்தில், யார் பக்கத்தில் இருந்தபோது கண்டெடுக்கப்பட்டது, அதன் கையில் என்னென்ன இருந்தன என்பவை அதில் இல்லையென்றால் அங்கேயே கேட்டு எழுதச் சொல்லுங்கள். பயணச்சீட்டு யார் பெயரில் எந்த எண்ணிலிருந்து பதிவு செய்யப்பட்டது, உடன் வந்த மற்ற குழந்தைகள் எந்தப் பெட்டியில் போனார்கள் என்ற விவரங்கள் இரண்டு நாட்களுக்குப் பிறகு யாரிடமும் கிடைக்காது. பின்னாளில் கடத்தல் வழக்கு நிற்பதும் விழுவதும் இந்த முதல் தாளைப் பொறுத்தே அமைகிறது.

குழந்தை உள்ளே வந்ததும் முதலில் சோறு, குளியல், மாற்றுத் துணி, உறக்கம் ஆகியவற்றைக் கொடுங்கள். விசாரணை அதற்குப் பிறகு நடக்கட்டும். இரண்டு மூன்று நாட்கள் ரயிலில் வந்த பிள்ளைக்குக் கேள்வி எதுவும் காதில் ஏறாது. சாம்பாரும் ரசமும் பழக்கமில்லாத குழந்தைகள் அவற்றை ஒதுக்கிவிட்டு வெறும் சோற்றைத் தின்பதைக் கண்டால் அடம் என்று நினைக்காதீர்கள். உருளைக்கிழங்கை வேகவைத்து, பச்சை மிளகாயும் வெங்காயமும் கடுகெண்ணெயும் சேர்த்து மசித்துக் கொடுத்துப் பாருங்கள். சமையல் அம்மாவிடம் இதைச் சொல்லி வைப்பதற்கு உத்தரவு எதுவும் தேவையில்லை.

மருத்துவப் பரிசோதனையில் சிரங்கு, காயம், ரத்தசோகை ஆகியவற்றோடு நிறுத்திவிடக் கூடாது. ஒடிசா, ஜார்க்கண்ட் காட்டுப் பகுதிகளிலிருந்து வரும் குழந்தைக்குக் காய்ச்சல் இருந்தால் மலேரியா பரிசோதனையை மருத்துவரிடம் கேட்டுப் பெறுங்கள். அந்தப் பகுதிப் பழங்குடிக் குழந்தைகளிடம் பரம்பரை ரத்த நோயான அரிவாள் அணுச் சோகையும் காணப்படுவதால், உடம்பு வலி என்று அடிக்கடி சுருண்டு படுக்கும் பிள்ளையைச் சோம்பேறி என்று முடிவு கட்டாதீர்கள். பெண் குழந்தையைப் பெண் மருத்துவரே பரிசோதிக்க வேண்டும். பாலியல் வன்முறை நடந்திருப்பதாகச் சந்தேகம் வந்தாலே போக்சோ சட்டப்படி காவல் துறைக்குத் தெரிவித்தாக வேண்டும். குழந்தையின் வாக்குமூலத்தை இல்லத்திலேயே, சீருடை அணியாத பெண் அலுவலர் வந்து பதிவு செய்யும்படி கேட்கும் உரிமை உங்களுக்கு உண்டு.

மொழி

இந்தப் பகுதியில் நான் சற்று நீளமாகவே பேசப் போகிறேன். பெரும்பாலான கோப்புகள் கெட்டுப்போவது இங்குதான்.

ஒரு சிறுவனை எங்கள் இல்லத்துக்குக் கொண்டுவந்தபோது அவனது தாளில் 'பீகார், வயது 18, வேலைக்காகத் தானாக வந்தான்' என்று எழுதியிருந்தது. காவலாளி ஒருவருக்குக் கொஞ்சம் இந்தி தெரியும் என்பதால் அவரையே மொழிபெயர்க்க வைத்திருந்தார்கள். பீகாரா என்று கேட்டதற்கும், 18 வயதா என்று கேட்டதற்கும், நீயாக வந்தாயா என்று கேட்டதற்கும் அவன் 'ஹாம்' என்று மட்டும் சொல்லியிருக்கிறான். எங்களிடமும் அப்படியேதான் சொன்னான். நான் வேண்டுமென்றே, உனக்கு நான்கு கைகளா என்று இந்தியில் கேட்டேன். அதற்கும் 'ஹாம்' என்றான். அவனுக்கு இந்தி புரியவில்லை, பெரியவர்கள் கேட்டால் ஆமாம் சொல்ல வேண்டும் என்பது மட்டுமே தெரிந்திருந்தது. மூன்றாம் நாள், நர்சிங் படிக்க வந்திருந்த சந்தாலி பேசும் மாணவி ஒருத்தியைக் கைப்பேசியில் பிடித்தோம். அவள் இரண்டு வாக்கியம் பேசியதும், முழங்காலைக் கட்டிக்கொண்டு சுவரோரம் உட்கார்ந்திருந்தவன் எழுந்து வந்து கைப்பேசியை இரண்டு கைகளாலும் காதோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டான். அதன் பிறகு முக்கால் மணி நேரம் அவன் குரல்தான் கேட்டது. மாவட்டத்தின் பெயர் அவனுக்குத் தெரியாது. ஆனால் தன் ஊர்ச் சந்தை சனிக்கிழமை கூடும் என்பதும், சந்தைக்குப் போகும் வழியில் கல் உடைக்கும் ஆலைகள் இருப்பதும், ஜல்லி ஏற்றிய லாரிகளின் தூசியில் மரங்களெல்லாம் வெளுத்திருக்கும் என்பதும் தெரிந்திருந்தன. ராஜ்மகால் குன்றுகளை ஒட்டிய, கல் குவாரிகள் நிறைந்த பாகூர் மாவட்டம் வரை அந்தத் தடயம் எங்களைக் கொண்டு சென்றது. அது ஜார்க்கண்டில் இருக்கிறது, பீகாரில் இல்லை.

இதிலிருந்து நடைமுறையாக நீங்கள் எடுத்துக்கொள்ள வேண்டியவற்றைச் சொல்கிறேன். ஆமாம், இல்லை என்று பதில் வரும் கேள்விகளைக் கேட்காதீர்கள். 'உன் ஊர் எது?' என்பதை விட, 'அம்மா உப்பு வாங்க எங்கே போவாள்?', 'சந்தை என்றைக்கு?', 'பேருந்து ஏற எவ்வளவு தூரம் நடப்பாய்?', 'மழைக்காலத்தில் பள்ளிக்குப் போக எதைக் கடப்பாய்?' என்ற கேள்விகள் ஊரைக் கண்டுபிடிக்க அதிகம் உதவும். ஜார்க்கண்ட் என்றால் இந்தி என்று எண்ணிவிடக் கூடாது. சந்தாலி, முண்டாரி, ஹோ, குடுக் என்று அங்கே தாய்மொழிகள் பல, அவற்றுக்கிடையே பொதுமொழியாகச் சாத்ரி பேசுவோரும் உண்டு. மேற்கு ஒடிசாவிலிருந்து வரும் குழந்தை பேசுவது சம்பல்பூரியாக இருக்கலாம். மாவட்டத்தில் படிக்கும் வெளிமாநில மாணவர்கள், செவிலியர்கள், மறைமாவட்டங்களில் பணிபுரியும் அருட்சகோதரிகள் ஆகியோரின் பட்டியல் ஒன்றை மொழிவாரியாகத் தயாரித்து, காவல் சரிபார்ப்பு முடித்து, இரகசியம் காப்பதாக எழுதி வாங்கி, முன்கூட்டியே கையில் வைத்திருங்கள். அதே ஆலையில் வேலை செய்பவர், அதே ஏஜென்ட் மூலம் வந்தவர், சோதனைக்குப் போன காவலர், குழந்தையுடன் மீட்கப்பட்ட வயதில் மூத்த பையன் ஆகியோரில் எவரையும் மொழிபெயர்ப்பாளராக வைக்கக் கூடாது. எவ்வளவு அவசரமானாலும் கூடாது.

முதலில் வரும் கதையைப் பொய் என்று கண்டிக்கவும் வேண்டாம், உண்மை என்று முத்திரை குத்தவும் வேண்டாம். போலீஸ் கேட்டால் 18 என்று சொல், மாமாவோடு வந்தேன் என்று சொல் என்று ரயிலேறும் முன்பே இந்தப் பிள்ளைகளுக்குப் பாடம் நடத்தியிருப்பார்கள். உண்மையைச் சொன்னால் அப்பாவைச் சிறையில் போடுவார்கள் என்றும் அச்சுறுத்தியிருப்பார்கள். எனவே குழந்தை தன் கதையை மாற்றிச் சொல்லும்போது, 'அன்றைக்கு வேறு மாதிரி சொன்னாயே' என்று மடக்காமல், தேதியிட்டு அதையும் எழுதி வையுங்கள்.

வயது

பல குழந்தைகளின் ஆதார் அட்டையில் பிறந்த நாள் ஜனவரி 1 என்று இருப்பதையும், வேலைக்குக் கிளம்பச் சில வாரங்களுக்கு முன்பு பிறந்த ஆண்டு திருத்தப்பட்டிருப்பதையும் பார்த்திருக்கிறேன். நூற்பாலை விடுதிகளிலிருந்து வரும் பெண் குழந்தைகளிடம் இது மிகவும் சாதாரணம். இளைஞர் நீதிச் சட்டத்தின் 94ஆம் பிரிவு வயதை நிர்ணயிக்க ஒரு வரிசையை வகுத்திருக்கிறது. பள்ளிச் சான்று அல்லது மெட்ரிக் சான்று முதலில். அது இல்லாவிட்டால் உள்ளாட்சி அமைப்பு வழங்கிய பிறப்புச் சான்று. இரண்டும் இல்லாத நிலையில் மட்டுமே எலும்பு முதிர்ச்சிப் பரிசோதனை. இந்த வரிசையில் ஆதாருக்கு இடமே இல்லை. ஆதார் பிறந்த தேதிக்குச் சான்று ஆகாது என்பதை உச்ச நீதிமன்றமும் 2024 அக்டோபரில் ஒரு விபத்து இழப்பீட்டு வழக்கில், இதே 94ஆம் பிரிவைச் சுட்டிக்காட்டி, உறுதி செய்திருக்கிறது.

எனவே, அட்டையில் 19 என்று இருக்கிறது என்பதற்காகக் குழந்தையை வாசலோடு திருப்பி அனுப்ப ஒப்புக்கொள்ளாதீர்கள். முகத்தைப் பார்த்தே குழந்தை என்று தெரிந்தால் குழு அதையே பதிவு செய்து மேற்கொண்டு நடக்கலாம். சந்தேகம் இருந்தால், சொந்த ஊர்ப் பள்ளித் தலைமையாசிரியரிடமிருந்து சேர்க்கைப் பதிவேட்டின் நகலைப் பெற அந்த மாவட்டப் பாதுகாப்பு அலகுக்கு அன்றைக்கே எழுதுங்கள். எலும்புப் பரிசோதனைக்குக் குழு உத்தரவிட்டால் அது 15 நாட்களுக்குள் முடிய வேண்டும். அதன் முடிவு இரு பக்கமும் 2 ஆண்டுகள் வரை பிசகக்கூடும் என்று நீதிமன்றங்கள் 1982 முதலே சொல்லி வருகின்றன. அந்த ஐயத்தின் பலன் குழந்தைக்கே போக வேண்டும்.

ஆதாரால் வேறொரு நன்மை உண்டு. ஊர் பேர் எதுவும் சொல்லத் தெரியாத குழந்தையைப் பதிவு மையத்துக்கு அழைத்துச் சென்று கைரேகை வைக்கச் செய்தால், ஏற்கெனவே பதிவு இருக்கும் பட்சத்தில் புதிய விண்ணப்பம் நிராகரிக்கப்படும். குழுவின் உத்தரவோடு ஆதார் ஆணையத்தின் மண்டல அலுவலகத்தை அணுகி முந்தைய பதிவின் விவரத்தைப் பெற்று, இவ்வழியில் குடும்பத்தைக் கண்டுபிடித்த குழந்தைகள் நாடெங்கும் உண்டு. ஒன்றிய அரசின் குழந்தைகள் பாதுகாப்புத் திட்டமான மிஷன் வாத்சல்யாவின் இணையதளத்தில் காணாமல் போன குழந்தைகளின் பதிவையும் அதே நாளில் ஒப்பிட்டுப் பாருங்கள்.

வாசலில் வந்து நிற்கும் 'மாமா'

மேலே சொன்ன சிறுவனின் கால்சட்டை இடுப்புப் பட்டைக்குள் ஒரு சிறு தாளை மடித்துத் தைத்திருந்தார்கள். அதில் ஒரு கைப்பேசி எண், கீழே 'சாச்சா', அதாவது சித்தப்பா. முதல் நாளே யாரோ அந்த எண்ணை அழைத்துவிட்டார்கள். மறுநாள் காலை எட்டு மணிக்கெல்லாம் ஒருவர் ஆதார் நகலோடு வாசலில் வந்து நின்றார். நல்ல சட்டை, பணிவான பேச்சு, பையன் வீட்டில் எல்லோரும் அழுகிறார்கள் என்ற தகவல். பையனின் தாய் பெயர் என்ன, வீட்டில் எத்தனை பிள்ளைகள், இவன் எத்தனையாவது என்று கேட்டபோது அவரால் சொல்ல முடியவில்லை. பையனோ அவரை ஜன்னல் வழியாகப் பார்த்ததும் கைகளை உடம்போடு ஒட்டிக்கொண்டு விறைப்பாக எழுந்து நின்றான். சித்தப்பாவைப் பார்த்த பிள்ளை அப்படி நிற்காது.

வருபவர் யாராக இருந்தாலும், பெற்ற தாயே வந்தாலும், பின்வரும் ஒழுங்கைக் கைவிடாதீர்கள். வந்தவரைக் குழந்தையின் கண்ணில் படாத அறையில் உட்கார வைத்து, குடும்பத்தைப் பற்றி அவர் சொல்வதை எழுதி வாங்குங்கள். குழந்தையிடம் தனியாக, அதன் மொழியில், அதே கேள்விகளைக் கேளுங்கள். வந்தவரின் அடையாள அட்டையையும் கைப்பேசி எண்ணையும் குழந்தையின் சொந்த மாவட்டக் குழந்தைகள் நலக் குழுவுக்கு அனுப்பி, பஞ்சாயத்துத் தலைவரும் அங்கன்வாடிப் பணியாளரும் அவரை அறிவார்களா என்று கேட்கச் சொல்லுங்கள். அதன் பிறகுதான் சந்திப்பு. அதுவும் பணியாளர் ஒருவர் முன்னிலையில். ஒப்படைப்பு என்பது குழுவின் எழுத்துபூர்வமான உத்தரவில்லாமல் நடக்கவே கூடாது. 'தூரத்திலிருந்து வந்திருக்கிறார்கள், பாவம், இன்றே முடித்துக் கொடுங்கள்' என்று செல்வாக்குள்ளவர்கள் தொலைபேசியில் சொல்வார்கள். உண்மையான தந்தை இரண்டு நாள் காத்திருப்பதால் எதையும் இழக்கப் போவதில்லை. அவர் தங்கவும் சாப்பிடவும் ஏற்பாடு செய்து கொடுங்கள்.

வீட்டுக்குப் பேசும் முதல் அழைப்பிலும் இதே கவனம் வேண்டும். ஊரில் தந்தையின் பக்கத்தில் ஏஜென்ட்டே உட்கார்ந்திருக்கக் கூடும். குழந்தை நலமாக இருக்கிறது என்பதைச் சொல்லலாம், தாயின் குரலைக் கேட்க வைக்கலாம். இல்லத்தின் முகவரியை அந்த அழைப்பில் சொல்ல வேண்டியதில்லை.

உள்ளே இருக்கும் நாட்களில்

பல குழந்தைகள் இல்லத்தைச் சிறை என்றே எண்ணுகிறார்கள். பூட்டிய கதவு, வரிசையில் நின்று வாங்கும் தட்டு, காக்கிச் சீருடைக் காவலாளி எல்லாம் சேர்ந்து அப்படித்தான் தோன்றும். எனவே, 'இது என்ன இடம், ஏன் இங்கே இருக்கிறாய், எத்தனை நாளில் என்ன நடக்கும், யாரிடம் புகார் சொல்லலாம்' என்ற நான்கையும் முதல் வாரத்தில் மூன்று முறையாவது குழந்தையின் மொழியில் சொல்லுங்கள். தேதி சொல்லி, அந்தத் தேதி தள்ளிப்போனால் அதையும் முன்கூட்டியே சொல்லுங்கள். எங்கள் அனுபவத்தில் ஓடிப்போன குழந்தைகளில் பெரும்பாலோர் 'நாளை, நாளை' என்று கேட்டுக் கேட்டு நம்பிக்கை இழந்தவர்களே. ஒரு குழந்தை தப்பிச் சென்றுவிட்டால், பெயர் கெட்டுவிடும் என்று மறைக்காமல் உடனே காவல் நிலையத்தில் வழக்குப் பதிவு செய்யச் சொல்லுங்கள். காணாமல் போன ஒவ்வொரு குழந்தைக்கும் முதல் தகவல் அறிக்கை பதிய வேண்டும் என்பது 2013இல் உச்ச நீதிமன்றம் இட்ட உத்தரவு.

தீங்கு வெளியிலிருந்து மட்டும் வருவதில்லை. 2007இல் மாமல்லபுரம் பகுதி இல்லங்களில் குழந்தைகள் சுரண்டப்படுவதாக வந்த ஒரு பத்திரிகைச் செய்தியை உச்ச நீதிமன்றம் எடுத்துக்கொண்டு விசாரித்த வழக்கே, 2017 மே மாதத்தில், எல்லா இல்லங்களும் பதிவு பெற வேண்டும், ஆய்வுக் குழுக்கள் இயங்க வேண்டும், ஒவ்வொரு குழந்தைக்கும் தனிப் பராமரிப்புத் திட்டம் இருக்க வேண்டும் என்ற தீர்ப்பாக முடிந்தது. அதே வழக்கில்தான் 2010இல், அஸ்ஸாம், மணிப்பூர் மாநிலங்களிலிருந்து சிறு குழந்தைகளைப் படிப்புக்கென்று வெளிமாநில இல்லங்களுக்கு அனுப்பக் கூடாது என்றும் உத்தரவு பிறந்தது. தமிழ்நாட்டு இல்லங்களில் பணிபுரியும் நாம் இதை மறக்க உரிமையற்றவர்கள். மொழி தெரியாத குழந்தை புகார் சொல்ல முடியாது என்பதைத் தவறு செய்பவர்கள் நன்றாகவே அறிவார்கள். ஆகவே இல்லத்துக் குழந்தைகளைக் கொண்ட குழந்தைகள் குழுவில் வெளிமாநிலப் பிள்ளை ஒன்று கட்டாயம் இருக்கட்டும். புகார்ப் பெட்டியில் எழுதத் தெரியாதவர்கள் படம் வரைந்து போடலாம் என்று சொல்லுங்கள். பட்டியலில் உள்ள மொழிபெயர்ப்பாளர் மாதம் ஒரு முறையாவது பணியாளர் எவரும் அருகில் இல்லாமல் அவர்களோடு பேசட்டும். அடிப்பது குற்றம். பராமரிக்கும் நிறுவனத்தின் பணியாளரே கொடுமை இழைத்தால் 5 ஆண்டு வரை கடுங்காவலும் 5 லட்சம் ரூபாய் வரை அபராதமும் உண்டு என்பதை ஒவ்வொரு புதுப் பணியாளருக்கும் சேரும் நாளிலேயே படித்துக் காட்டுங்கள்.

புகைப்படம் பற்றி ஒரு வார்த்தை. மீட்கப்பட்ட குழந்தைகளை வரிசையாக நிற்க வைத்து, அதிகாரிகள் நடுவில் நின்று எடுக்கும் படம் அன்று மாலைக்குள் ஐம்பது வாட்ஸ்அப் குழுக்களுக்குப் போய்விடுகிறது. ஏஜென்ட்டும் அதைப் பார்க்கிறான். பெயர், முகம், பள்ளி, முகவரி என அடையாளம் காட்டும் எதையும் வெளியிடுவது இளைஞர் நீதிச் சட்டத்தின் 74ஆம் பிரிவின்படி குற்றம். 6 மாதம் வரை சிறை, 2 லட்சம் ரூபாய் வரை அபராதம். முகத்தை மங்கலாக்கிவிட்டோம் என்று சொல்லிக்கொண்டு ஊர்ப் பெயரைப் போடுவதும் அதே குற்றம்தான்.

ஊருக்கு அனுப்பும் முன் முடிக்க வேண்டியவை

குழந்தை ரயிலேறிய பிறகு இங்கே அதற்காகப் பேச ஆள் இருக்காது. எனவே கூலி, விடுவிப்புச் சான்று, வாக்குமூலம் மூன்றையும் புறப்பாட்டுக்கு முன்பே முடித்துவிடுங்கள்.

தொழிலாளர் துறை மூலம் நிலுவைக் கூலியைக் கணக்கிட்டு, குழந்தையின் பெயரில் வங்கிக் கணக்கு தொடங்கி அதில் செலுத்த வைக்க வேண்டும். கையில் பணமாகக் கொடுத்தால் அது எங்கே போகும் என்று எல்லோருக்கும் தெரியும். முன்பணத்துக்கு ஈடாகக் குழந்தை வேலை செய்திருந்தால் அது கொத்தடிமை முறை. ஒடிசாவில் தாதன் என்றும், பீகார், ஜார்க்கண்ட் பக்கம் பேஷ்கி என்றும் இந்த முன்பணத்தைச் சொல்வார்கள். இந்தச் சொற்களைச் சொல்லிக் கேட்டால்தான் குழந்தைக்குப் புரியும். அப்படியானால் 1976ஆம் ஆண்டுக் கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டப்படி வருவாய்க் கோட்டாட்சியரிடம் விடுவிப்புச் சான்றைப் பெற வேண்டும். அந்த ஒரு தாள் கடனை ரத்து செய்கிறது, குழந்தைகளுக்கு 2 லட்சம் ரூபாய் வரையிலான மறுவாழ்வு நிதிக்கும் அதுவே வாசல். நீதித்துறை நடுவரிடம் வாக்குமூலத்தை முன்பே பதிவு செய்துவிட்டு, சாட்சியம் தேவைப்படும்போது சொந்த மாவட்ட நீதிமன்றத்திலிருந்தே காணொலி மூலம் பெற வேண்டும் என்று அரசு வழக்கறிஞரிடம் இப்போதே எழுத்தில் கேளுங்கள்.

சமூக விசாரணை 15 நாட்களுக்குள் முடிந்து, முதலில் நிறுத்தப்பட்ட நாளிலிருந்து 4 மாதங்களுக்குள் குழு இறுதி உத்தரவு இட வேண்டும் என்பது சட்டம். சொந்த மாவட்டத்திலிருந்து வரும் வீட்டு ஆய்வறிக்கையில் 'குடும்பம் ஏழ்மையானது, பெற்றோர் குழந்தையை ஏற்கத் தயார்' என்ற இரண்டு வரி மட்டும் இருந்தால் அதை ஏற்றுக்கொள்ளாதீர்கள். அனுப்பியது யார், எவ்வளவு பணம் கைமாறியது, அந்த ஏஜென்ட் இன்னும் ஊரில் இருக்கிறாரா, அக்காவோ தம்பியோ இதே வழியில் போயிருக்கிறார்களா, பள்ளி மீண்டும் சேர்த்துக்கொள்ளுமா என்று திருப்பிக் கேளுங்கள். கடன் அப்படியே இருக்கும் வீட்டுக்கு அனுப்பினால் ஆறு மாதத்தில் அதே பிள்ளை வேறு பெயரில் வேறு மாவட்டத்தில் இறங்கும். மிஷன் வாத்சல்யா திட்டத்தில் மாதம் 4,000 ரூபாய் நிதி ஆதரவு உண்டு. அதற்கான பரிந்துரையை வழியனுப்பும் உத்தரவிலேயே சேர்க்கும்படி குழுவைக் கேளுங்கள்.

குழந்தை போக மறுத்தால் காரணத்தைக் கேட்காமல் சமாதானப்படுத்தாதீர்கள். குழந்தையின் விருப்பத்தைக் கேட்டு மதிப்பது சட்டத்தின் அடிப்படைக் கோட்பாடுகளில் ஒன்று. வீட்டில் அடி இருக்கலாம், நிச்சயித்த கல்யாணம் இருக்கலாம். சொந்த மாவட்டத்திலேயே இல்லமோ வளர்ப்புப் பராமரிப்போ கிடைக்குமா என்று பார்த்து, அதுவும் ஆகாதென்றால் இங்கேயே பள்ளியில் சேர்க்கலாம். நாட்டு எல்லை தாண்டி வந்த குழந்தையிடம் இன்னும் கவனம் தேவை. அதன் குடும்பம் எதற்கு அஞ்சி வெளியேறியது என்பதை அறியும் முன்பே அந்த நாட்டின் தூதரகத்துக்குத் தகவல் அனுப்புவது ஆபத்தாக முடியலாம்; முதலில் சட்டப் பணிகள் ஆணைக்குழுவின் வழக்கறிஞரை அமர்த்துங்கள். அகதிக் குழந்தைகளின் பாதுகாப்பைப் பேசும் குழந்தை உரிமை உடன்படிக்கையை இந்தியா 1992இல் ஏற்றிருக்கிறது.

வழித்துணையும் அதற்குப் பிறகும்

இளைஞர் நீதிச் சட்டத்தின் 95ஆம் பிரிவின்படி, சொந்த மாவட்டக் குழுவோடு கலந்து பேசிய பிறகே இடமாற்ற உத்தரவு. உத்தரவு கிடைத்த 15 நாட்களுக்குள் சிறார் சிறப்புக் காவல் பிரிவு வழித்துணையோடு அனுப்ப வேண்டும். பெண் குழந்தைக்குப் பெண் காவலர் கட்டாயம். காவலர் கிடைக்காவிட்டால் இல்லமோ மாவட்ட அலகோ துணைக்கு ஆள் அனுப்ப வேண்டும், பயணப்படியை முன்பணமாகவே தர வேண்டும் என்றும் அதே பிரிவு சொல்கிறது. முதலாளி எடுத்துக் கொடுக்கும் பயணச்சீட்டில் எந்தக் குழந்தையையும் ஏற்றிவிடாதீர்கள். இருபது பிள்ளைகளுக்கு இரண்டு பேர் என்று அனுப்புவதும் துணை ஆகாது. இரவில் நிற்கும் ஒவ்வொரு நிலையத்திலும் எண்ணிப் பார்க்க ஆள் வேண்டும்.

குழந்தையின் பையில் வங்கிப் புத்தகம், விடுவிப்புச் சான்றின் நகல், மருத்துவச் சீட்டு, மாத்திரைகள், இங்கே படித்திருந்தால் அதற்கான சான்று ஆகியவை இருக்கட்டும். அசல்களை வழித்துணைக்குச் செல்பவரே வைத்திருந்து, அங்கே குழுவிடம் கையெழுத்து பெற்று ஒப்படைக்க வேண்டும். 1098 என்ற எண்ணைத் தாளில் எழுதிக் கொடுப்பதோடு விடாமல், குழந்தை அதைப் பார்க்காமல் சொல்லும்வரை சொல்ல வையுங்கள். பாகூர்ச் சிறுவனின் இடுப்புப் பட்டையிலிருந்த தாளை நாங்கள் வழக்குக்காக எடுத்து வைத்துக்கொண்டோம். புறப்படும் நாளில் அவன் கைவிரல்களில் ஒன்று, பூஜ்யம், ஒன்பது, எட்டு என்று எண்ணிக் காட்டினான்.

திரும்பி வரும் வழித்துணையாளரிடம் ஒப்படைப்பு ரசீதை மட்டும் வாங்கிக்கொண்டு அனுப்பிவிடாமல், அரை மணி நேரம் உட்கார வைத்துப் பேசுங்கள். நிலையத்தில் யார் வந்து நின்றார்கள், குழந்தை யாரைப் பார்த்து ஓடியது, யாரைப் பார்த்துப் பின்வாங்கியது, வீட்டுக்குப் போனபோது கூரை எப்படி இருந்தது, வாசலில் வேறு யாராவது காத்திருந்தார்களா என்று கேட்டு அதையும் கோப்பில் எழுதுங்கள். முதல் மாதத்தில் ஒரு முறையும், அறுவடை முடிந்து ஏஜென்ட்டுகள் ஊருக்குள் வரும் பருவத்தில் ஒரு முறையும் அந்த மாவட்ட அலகை அழைத்து, குழந்தை பள்ளியில் இருக்கிறதா என்று தலைமையாசிரியரிடமே கேட்டுச் சொல்லச் சொல்லுங்கள். அந்த இரண்டாவது அழைப்பின் தேதியை, குழந்தை ரயிலேறும் அன்றே நாட்குறிப்பில் குறித்து வைத்துவிடுங்கள்.